ஜோதியக்காவின் எட்டுக் கப்பல்கள்

ஜோதியக்காவுக்கு வேலை போனது என்னால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்து அவிழ்த்துக் காட்ட இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. தவிர, சொல்லாமல் இருந்து இருந்தே எனக்குப் பழகிப்போய்விட்டது. முதல் வரியில் சொல்லாவிட்டால் இந்தத் தடவையும் சொல்லாமலே போய்விடுவேன்.

அக்கா எங்கள் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேஜையில் வேலை பார்த்தாள். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருந்த கம்பெனி. தைத்து முடித்த அப்பர்கள், அதாவது அடி ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் ஷூவின் மேல்பாகங்கள், இடது ஒரு கூடையிலும் வலது ஒரு கூடையிலும் வந்து விழும். ஒரே தோலில் வெட்டியதாக இருந்தாலும் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. ஒன்று கொஞ்சம் கறுத்திருக்கும், ஒன்றில் ரேகை ஓடும், ஒன்று நூலளவு குட்டையாக இருக்கும். எதற்கு எது ஜோடி என்று பார்த்துச் சேர்த்துக் கட்ட வேண்டும். மற்ற பெண்கள் ஸ்கேல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் செய்வதை அக்கா கூடையைப் பார்த்த மாத்திரத்தில் செய்வாள். ஒருமுறை வேண்டுமென்றே இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டிய ஒன்றைக் கூடையில் போட்டுப் பார்த்தேன். கையில்கூட எடுக்காமல், "இது உங்க ரூம்லேர்ந்து வந்திருக்குது, எடுத்துக்கினு போ" என்றாள்.

பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. கம்பெனி வேனில் வந்து போவாள். கட்டிக்கொடுத்த ஒரே வருஷத்தில் புருஷன் வேறொருத்தியோடு பெங்களூர் போய்விட்டான். அன்றிலிருந்து தம்பி வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் தனக்கு ஒரு தட்டு வைக்கிறார்கள் என்றால் அது கம்பெனி வேலை இருப்பதால்தான் என்று அவளே சொல்வாள். வருத்தமாகச் சொல்ல மாட்டாள். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பதுபோலச் சொல்வாள்.

நான் நவநீதன், நெமிலிக்காரன். மாடியில் சாம்பிள் ரூமில் பேட்டர்ன், அதாவது ஷூவின் அச்சு அட்டை, வெட்டும் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் விற்கப்போகும் மாடல்களை முதல்முதலில் அங்கேதான் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி செய்து பார்ப்போம். அந்த ரூமுக்கு வரும் தோல், படம், அட்டை எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது.

தொண்ணூற்றேழில் இங்கிலாந்திலிருந்து மார்ட்டின் என்று ஒரு டெக்னிஷியன் ஆறு மாதத்துக்கு வந்தார். பகலெல்லாம் எங்கள் தையலில் குறை கண்டுபிடிப்பார். சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து ஈயத்தில் வார்த்த விரல் நீளக் கப்பல்களுக்கு வர்ணம் அடிப்பார். கடலில் போகும் கப்பல் இல்லை, விண்வெளியில் போவது. மேஜைமேல் இரண்டு படையாக நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். அவருடைய ஊரில் மீசை நரைத்த ஆண்கள் சனிக்கிழமை தவறாமல் கூடி இதை ஆடுகிறார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்தக் கப்பல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சின்னதாக, துல்லியமாக எதைச் செய்துவைத்தாலும் பேட்டர்ன் வெட்டுகிறவன் மனசு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊருக்குக் கிளம்பும்போது, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கென்றே விற்கும் ஒரு பிரிக்காத பெட்டியை என்னிடம் கொடுத்தார். ஆட இரண்டு பேர் வேண்டும் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

பெட்டியில் நான்கு கப்பல்கள் இருந்தன. உடல் தனி, இறக்கை தனி. நிறுத்திவைக்கப் பிளாஸ்டிக் குச்சிகள், கொஞ்சம் பகடைகள், அறுபது பக்கத்துக்கு விதிப் புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் பக்கமே ஒட்டச் சொன்னது. ஒட்டுவதை எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? ஷூ கம்பெனியில் எதை ஒட்டவும் ஒரே வழிதான். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவு, காய விடு, சூடு காட்டு, அழுத்து. அப்படியே செய்தேன். நடக்கும்போது மடங்கும் ஷூ விட்டுவிடக் கூடாது என்று வளைந்துகொடுப்பதற்காகவே செய்த பசை அது. இறுகி நிற்காது என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஏப்ரல் பிறந்ததும் நான்கு கப்பலின் இறக்கைகளும் தொங்கிப்போயின. வர்ணம் அதைவிடக் கேவலம். தோலுக்கு அடிக்கும் பிக்மெண்டை எடுத்து ஈயத்தில் அடித்தேன். தோல் குடிக்கும், ஈயம் குடிக்குமா? தொட்டால் கையோடு வந்தது. மூன்று நாள் நீல விரலோடு சோறு தின்றேன். மெஸ்ஸில் பரிமாறுகிறவர் என்ன வியாதி என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அதையெல்லாம் எப்படியோ சரி செய்தேன். ஆள்தான் கிடைக்கவில்லை. கட்டிங் மெஷின் ஓட்டும் கவுஸ் பாஷா என் தோஸ்த். அவனை உட்காரவைத்துப் பத்து நிமிஷம் விதி சொன்னேன். "கேரம் ஆடலாம் வா. இதுல சுடறதுக்கு முன்னாடி பரீட்ச எழுதணும் போலிருக்குது, பேஜாரு" என்று எழுந்துவிட்டான். அடுத்து மூன்று பேரைப் பிடித்தேன். ஒருவரும் இரண்டாவது நாள் வரவில்லை. தனியாக இரண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன். இரண்டு படையின் ரகசியமும் ஒருவனுக்கே தெரிந்தால் அதில் என்ன சண்டை? ஒரு வருஷம் பெட்டி அலமாரியில் கிடந்தது.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் ஒரு மதியம், ஜோடி சேராத சாம்பிள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஜோதியக்கா மாடிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். கவுஸ் ஓரமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் வெட்டும் மேஜையில் கறுப்பு லைனிங் தோலை விரித்து, சில்வர் பேனாவால் நட்சத்திரங்கள் வைத்து, நான்கு கப்பல்களையும் நிறுத்திச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னா இது என்று கேட்டாள். சொன்னேன். கடைசிவரை கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்டு முடித்து, தள்ளித் தள்ளி நின்ற இரண்டு கப்பல்களைக் காட்டி, "இதுக்கும் அதுக்கும் ஒரு ஜாண் ஒரு வெரக்கட இருக்கும்" என்றாள். டேப்பை வைத்தேன். சரியாக இருந்தது. கவுஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

இந்த ஆட்டத்தின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. கப்பல் நிற்காது, போய்க்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தன் கப்பல் எவ்வளவு தூரம் போகும், எந்தப் பக்கம் திரும்பும் என்று இரண்டு பேரும் சீட்டில் எழுதி மறைத்துவைக்க வேண்டும். எழுதி முடிக்கும்வரை டேப்பைத் தொடக் கூடாது. பிறகுதான் சீட்டைத் திறந்து, அளந்து, நகர்த்தி, கிட்டே வந்ததைச் சுடுவது. எதிராளி எங்கே வருவான் என்று மனசால் பார்த்து, அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்து, முன்கூட்டியே எழுத வேண்டும். என்னைப்போல ஸ்கேலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது நரகம். அக்காவுக்கு அது தினம் எட்டு மணி நேரம் செய்கிற வேலை.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். அதற்குப் பிறகு ஜெயித்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிஷத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டு மாடி ஏறிவிடுவாள். மீதி நேரத்தில் இரண்டு சுற்று ஓடும், மிஞ்சினால் மூன்று. மணி அடித்ததும் கப்பல் நிற்கும் இடத்தையெல்லாம் தோலில் சில்வர் பேனாவால் குறித்துச் சுருட்டிவைத்துவிடுவேன். ஒரு சண்டை முடிய ஒரு வாரம் ஆகும். கதவு எப்போதும் திறந்திருக்கும், கவுஸும் அங்கேயே சாப்பிடுவான், நான் அவளைவிட எட்டு வயது சின்னவன். அதனால் யாரும் தப்பாகப் பேசவில்லை. அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மட்டும் தையல் வரிசையில் சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கீழே ஜோடி கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சுற்றுக்கு என்ன எழுதலாம் என்று யோசிப்பாளாம். அடிபட்டு என்ஜின் போன கப்பல் வேகத்தைக் குறைக்க முடியாமல் மேஜை விளிம்பைத் தாண்டினால் அது ஆட்டத்தில் இல்லை. அப்படிப் போன கப்பலை எடுத்துப் பெட்டியில் போட அவளுக்கு மனசு வராது. பாவம் என்று ஓரமாக நிறுத்திவைப்பாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் என் இரண்டு கப்பலையும் ஒரே சுற்றில் முடித்தாள். நான் எங்கே திரும்புவேன் என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. சீட்டைத் திறந்து பார்த்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. என் கப்பல் இரண்டையும் எடுத்து ஓரமாக நிறுத்தினாள்.

"எனக்கும் மூள இருக்குது தம்பி. முப்பத்தேழு வயசுல தெரியுது" என்றாள்.

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. என்னமோ அந்த மூளையை நான் வைத்துக்கொடுத்ததுபோல. என் மேலேயே காறித் துப்பலாம்போல இருக்கிறது இப்போது.

நன்றாகப் பழகியவர்கள் ஒரு பக்கத்துக்கு எட்டுக் கப்பல் வைத்து ஆட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கடையில் வாங்க ஆம்பூரிலா கிடைக்கும், சென்னையிலா கிடைக்கும்? மார்ட்டினுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. நாமே செய்துகொள்ளலாம் என்று அக்காதான் சொன்னாள். ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் அட்டையை நான் கப்பல் வடிவத்தில் வெட்டிக் கொடுத்தேன். அவள் அடுக்கடுக்காக ஒட்டி, ஓரத்தை மணல்தாளில் தேய்த்து, பின்பக்கம் லேஸ் போடும் ஐலெட்டுகளைப் பதித்து என்ஜின் வாய் ஆக்கினாள். இந்தமுறை சொல்யூஷன் சரியாக வேலை செய்தது. மேலே போர்த்தக் குப்பைக் கூடையில் கிடந்த தோல் துண்டுகளை எடுத்தோம். முடிந்ததும் எட்டையும் வரிசையாக நிறுத்தியவள், மூன்றைத் தனியாகத் தள்ளிவைத்தாள். இதுங்க வேற கூட்டம், நிறம் சேரல என்றாள். என் கண்ணுக்கு எட்டும் ஒரே நிறம்தான். எதைப் போர்த்தினாலும் அவளுக்கு இரண்டோ மூன்றோ சேராமல் போனது.

அந்த ஜனவரியில் அடுத்த வருஷத்துப் பெண்கள் ஷூவுக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு தோல் வந்திருந்தது. வெள்ளிச் சாம்பல், சாய்த்துப் பார்த்தால் நீலம் ஓடும். மொத்தமே சில தோல்கள்தான். எண் போட்டு, பூட்டி வைத்து, கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். சாவி என்னிடம் இருந்தது. அக்கா அசந்துபோக வேண்டும் என்று ஆசை எனக்கு. வேறு ஒன்றும் இல்லை. தோலின் ஓரத்தில் எடுத்தால் நிறம் மாறும் என்பதால் நடுமுதுகில் எடுத்தேன். இரண்டு உள்ளங்கை அகலம்.

துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேஸ்டா இது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நடுமுதுகுத் தோல் எது, கழிவு எது என்று இந்த ஜில்லாவிலேயே அவளைவிடத் தெரிந்த ஆள் இல்லை. ஆனாலும் நான் ஆமாம் என்றதும் கத்தரியை எடுத்தாள். தன் கண்ணைவிட என் வார்த்தையை நம்பினாள்.

எட்டும் முடிந்தன. அப்படி ஒரு அழகை நான் செய்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. எட்டும் ஒரே நாளில் ஒரே தாய்க்குப் பிறந்தவைபோல நின்றன. நான் பழைய தோலில் எட்டுக் கப்பல் செய்து தயாராக இருந்தேன். பெரிய சண்டை திங்கட்கிழமை ஆரம்பிப்பது என்று முடிவு. அணிவகுப்பு எப்படி வைப்பது என்று அவளுக்குக் குழப்பம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தரையில் வைத்துப் பழகிக்கொண்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். கழுவிய டிபன் பாக்ஸில் லைனிங் துணி விரித்து எட்டையும் அடுக்கி மூடிக் கொடுத்ததும் நான்தான்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சர்க்குலர் வந்திருந்தது. எங்கள் மாடல் ஒன்று சீசனுக்கு முன்னாலேயே வேறு ஊர்க் கடைகளில் தொங்கியதாம். இனி ஒரு நகத்தளவு தோலும் வெளியே போகக் கூடாது, எல்லோரையும் சோதனை போடுவோம் என்று எழுதியிருந்தது. சாம்பிள் ரூம்காரர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டோம். போட்டதோடு மறந்துவிட்டேன். ஜோடி மேஜைக்கு அந்த சர்க்குலர் போகவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண் காவலாளி டிபன் பாக்ஸை ஆட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். மூடியைத் திறந்ததைப் பார்த்தேன். செக்யூரிட்டி ஆபீசரைக் கைதட்டிக் கூப்பிட்டதையும் பார்த்தேன். அக்கா சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கிச் சொன்னாள், ஒரு கப்பலை எடுத்துக் காற்றில் நகர்த்திக்கூடக் காட்டினாள். என் முறை வந்தது. பையைக் காட்டினேன். வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

திங்கட்கிழமை காலையில் பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் ரூமுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. நீ வந்துட்டே இல்ல, போதும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

உள்ளே மேஜைமேல் எட்டுக் கப்பல்கள். ஒன்றை பிளேடால் கிழித்துத் தோலை விரித்து வைத்திருந்தார்கள். மேனேஜர் போனில் இருந்தார். இருபது நிமிஷத்துக்குமேல் பேசினார். நான் நின்றுகொண்டே இருந்தேன், கிழிந்த கப்பலைப் பார்த்துக்கொண்டு. போனை வைத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அந்தம்மா நீ குடுத்தேன்னு சொல்றாங்க. வேஸ்ட்னு சொல்லிக் குடுத்தியாம். குடுத்தியா?"

"எனக்குத் தெரியாது சார்."

அவ்வளவுதான். மூன்று வார்த்தை. லன்ச்சில் அந்தம்மா மேலே வருவார்கள் இல்லையா என்று கேட்டார். வருவார்கள் சார், அலமாரி சில நேரம் திறந்திருக்கும் சார் என்றேன். அந்த இரண்டாவது பதிலை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

ஏன் என்று இத்தனை வருஷமாக நானே என்னைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக் கஷ்டம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதேதோ காரணம் கோத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பிற்பாடு தைத்தது. அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது பயம் மட்டும்தான். மேனேஜருக்கும் அந்தப் பதில்தான் சௌகரியம் என்று நினைக்கிறேன். சாம்பிள் ரூம் ஆள் திருடன் என்றால் வெளிநாட்டுக்குப் பதில் எழுத வேண்டும். மேஜையில் உட்காரும் ஒரு பெண் என்றால் அன்றைக்கே முடிந்துவிடும்.

வெளியே வந்தபோது அக்கா எழுந்து நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினேன்.

சொந்தக் காரணத்தால் விலகுவதாக அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். யார் என்ன சொன்னாலும் கேட்டில் மாட்டியது நீதானே என்றாராம் மேனேஜர். வேன் சாயங்காலம்தான் கிளம்பும், அதுவரைக்கும் அவளை உள்ளேயும் விடவில்லை. கேட் பக்கத்தில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாம்பிள் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்த ஸ்டூல் தெரியும். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் டப்பாவைத் திறக்கவில்லை. நான் சாப்பிட்டேன். கவுஸ் ஜன்னலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "நீ சொல்லியிருக்கலாம்டா" என்றான். மறுநாளிலிருந்து அவன் கீழே போய்ச் சாப்பிட ஆரம்பித்தான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் சாம்பிள் ரூம் இன்சார்ஜ் ஆக்கினார்கள். பெட்டியை அறைக்கு எடுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஆட யாரையும் தேடவில்லை. அப்படியும் இரண்டு கம்பெனி மாறி, கல்யாணமாகி, வேலூரில் வீடு பார்த்துக் குடியேறிய பிறகும் அதைத் தூக்கிப் போட முடியவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் பழைய வேன் டிரைவர் ஒருவரை வேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர்தான் சொன்னார், ஜோதியம்மா வீட்டிலேயே அப்பர் கைத்தையல் போடுகிறாள், ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப்போகிறான் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அக்கா, நான்தான் பூட்டைத் திறந்து எடுத்தேன், நான்தான் தெரியாது என்று சொன்னேன். பஸ்ஸில் இந்த இரண்டு வரியையும் உதடு அசையச் சொல்லிக்கொண்டே போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தாள். தடிமனான கண்ணாடி. தைக்கும் அப்பரை மூக்குவரை தூக்கிப் பிடித்திருந்தாள். நான் பேசிய பிறகுதான் யாரென்று தெரிந்தது. ஆறு வருஷத்தில் பதினைந்து வருஷம் கூடிவிட்டிருந்தது. வெளிச்சம் போதாத இடத்தில் கறுப்பு நூலால் கறுப்புத் தோலைத் தைத்துத் தைத்துக் கண் இப்படி ஆகிவிட்டது என்றாள். பக்கத்தில் முடித்துக் கட்டிவைத்த ஜோடிகள் கிடந்தன. மேலே இருந்த ஜோடியில் இடது ஒரு நிறம், வலது ஒரு நிறம். எனக்கே தெரிந்தது.

பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். தடவிப் பார்த்து, ஈயக் கப்பல் ஒன்றை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ச் சிரித்தாள். நான் எப்போதோ சொன்ன பசைக் கதை ஞாபகம் வந்து, இன்னும் இறக்கை தொங்கிக்கினுதான் இருக்குதா என்று கேட்டாள். ஆடலாமா என்றேன். யாரு கண்ணால ஆடறது என்று கீழே வைத்துவிட்டாள்.

"அந்த எட்டும் இன்னா ஆச்சி?" என்றாள்.

தெரியாது என்றேன். இந்தத் தடவை உண்மையிலேயே தெரியாது.

தம்பிக்காரன் வீட்டில் இல்லை. திருட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவள் என்று முதல் வருஷம் முழுக்க அவளோடு பேசவில்லையாம். அதையும் வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். அக்கா, என்றேன். அதற்குள் தம்பி மனைவி வஞ்சி டீ கொண்டுவந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவருதான் நவநீதன். நான் சொல்லல? மேனேஜர் ரூமுக்கே போய், நான்தான் குடுத்தேன், அவங்க மேல தப்பு இல்லன்னு சொன்னாரே, அவரு. அரமணி நேரம் உள்ள நின்னாரு எனக்காக. வெளிய வந்தப்ப மூஞ்சி செத்துப்போயிருந்திச்சி. அவங்க கேக்கல, அது வேற. சொல்றதுக்கு ஒருத்தர் இருந்தாரு இல்ல?"

வஞ்சி என்னைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் டீயை நீட்டினாள். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். இந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அக்கா இந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைக் கலைக்கக் கூடாது, அவளுக்காகத்தான் சொல்லாமல் விடுகிறேன் என்று உடனே ஒரு காரணமும் வந்து நின்றது. அது பொய். எனக்குள் இருந்தது அதே பயம்தான், ஒரு நூல்கூட மாறவில்லை.

டீயை வாங்கிக்கொண்டேன். சர்க்கரை போதுமா என்று அக்கா கேட்டாள். போதும் என்றேன்.